சின்ன யூனிட்டில் கழிவையும் பேக்கிங்கையும் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

அம்பத்தூர்_லேத் எழுதியது:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன யூனிட் நடத்துகிறோம். சிஎன்சியில் போல்ட், புஷ், பிட்டிங் வகையறா கடைந்து, அங்கேயே ஜிங்க் பிளேட்டிங்கும் போட்டு, முக்கால்வாசி ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் மீதி ஜெர்மனிக்கும் அனுப்புகிறோம். இந்த வருஷம் இரண்டு பக்கமிருந்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி படிவம் வந்திருக்கிறது. ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை யூனிட் கரண்ட், எவ்வளவு தண்ணீர், பேக்கிங்கில் எத்தனை கிராம் பிளாஸ்டிக், அதில் மறுசுழற்சி செய்தது எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

ஆலோசகர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கூரையில் சோலார் போடச் சொல்கிறார், இன்னொருவர் பாலித்தீன் கவரையெல்லாம் எடுத்துவிட்டு மக்கும் கவருக்கு மாறச் சொல்கிறார். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போட முடியாது. இதைப் படிவம் நிரப்புகிற வேலையாக மட்டும் நான் பார்க்கவில்லை, உண்மையாகவே குறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் அளவில் யூனிட் வைத்திருப்பவர்கள் முதலில் எதில் கை வைத்தீர்கள்? எது பலன் தந்தது?

கம்ப்ரசர்_மெக்கானிக் எழுதியது:

சார், சோலார் அப்புறம். முதலில் கம்ப்ரசர். ஞாயிற்றுக்கிழமை மிஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏர் லைனைத் திறந்தே வைத்து, கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். யாருமே காற்று எடுக்காதபோது அது ஒருமுறை நிரப்பி நின்றால் அப்படியே நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப லோடு எடுத்தால், அதாவது மறுபடி காற்று நிரப்ப ஓடினால், அத்தனையும் கசிவு. லோடில் ஓடிய விநாடிகளையும் அன்லோடில் நின்ற விநாடிகளையும் மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கம்ப்ரசரின் திறனில் எத்தனை சதவீதம் கசிவில் வீணாகிறது என்று வந்துவிடும். கவனிப்பில்லாத ஷெட்டில் 20, 30 சதவீதம் சாதாரணமாக வரும்.

7 பார் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதற்கென்றே கம்ப்ரசர் ஏறக்குறைய 4 கிலோவாட் தின்கிறது. இரண்டு ஷிப்ட், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 19,000 யூனிட்டுக்கு மேல். ஒரே ஓட்டைக்கு! பெரும்பாலும் குழாயில் இருக்காது. காற்றை வடிகட்டிப் பிரஷரைச் சரிசெய்யும் எப்ஆர்எல் யூனிட்டின் கிண்ணத்தடியில், பியூ ட்யூப் சொருகுகிற பிட்டிங்கில், ஏர் கன் மாட்டுகிற கப்ளரில்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். அப்புறம் பிரஷரைப் பாருங்கள், 6 பாரில் ஓடுகிற மிஷினுக்கு 8 பார் வைத்திருப்பார்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசர் கரண்டில் 6, 7 சதவீதம் மிச்சம். சீவலை ஏர் கன்னால் ஊதித் தள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டு பிரஷ் கொடுங்கள், கண்ணுக்கும் நல்லது.

இதையெல்லாம் முடித்த பிறகு சோலார் போட்டால் சின்ன சோலாரே போதும்.

முலாம்_பட்டறை எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் பிளேட்டிங் வைத்திருக்கிறீர்கள் என்றால் கரண்டைவிட முக்கியமானது தண்ணீர். இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்ற யூனிட்டுகளை எல்லோரும் பார்த்தோம்.

பிளேட்டிங்கில் கழிவு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் பலர் ஈடிபியை, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டுவார்கள். அது முடிவு. தொடக்கம், பொருளை மாட்டிய ரேக்கைத் தொட்டியிலிருந்து தூக்குகிற அந்தச் சில விநாடி. பொருளோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும் ரசாயனம்தான் கழுவும் தொட்டியில் கரைந்து, அங்கிருந்து ஈடிபிக்குப் போய், சுண்ணாம்பும் காஸ்டிக்கும் தின்று, கடைசியில் சேறாகி, அபாயகரக் கழிவு என்று காசு கொடுத்து கும்மிடிப்பூண்டிக்கு அனுப்ப வேண்டியதாகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய ரசாயனத்தைத் தூக்கிப்போட மறுபடி காசு கொடுக்கிறோம்.

பீஸ் ரேட் அவசரத்தில் ஆள் ரேக்கைத் தூக்கிய வேகத்திலேயே அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோய்விடுவார். தொட்டிக்கு மேலேயே ஒரு கொக்கி போட்டு, பத்துப் பதினைந்து விநாடி சொட்டவிடச் சொல்லுங்கள். சின்னப் பொருளைப் போட்டுச் சுற்றும் பேரலானால் மேலே தூக்கி நிறுத்திய பிறகும் இரண்டு சுற்று சுற்றவிட வேண்டும், உள்ளே தேங்கியது வடியும். இரண்டு தொட்டிக்கும் நடுவில் சொட்டு விழாமல் ஒரு சரிவான பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) தகடு, பிளேட்டிங் தொட்டிப் பக்கம் சாய்வாக. செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

அடுத்தது கழுவுதல். ஒரே தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு ஓடவிடுகிற முறையை நிறுத்துங்கள். இரண்டோ மூன்றோ தொட்டியை வரிசையாக வைத்து, சுத்தத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, அது பின்னோக்கி முதல் தொட்டிக்கு வழிகிற மாதிரி அமைத்தால் அதே சுத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்கூட ஆகாது. நிக்கல் தொட்டி சூடானது, ஆவியாகிற அளவுக்கு முதல் கழுவு நீரையே அதில் ஊற்றிவிடலாம். ஜிங்க் குளிர்ந்த தொட்டி, அவ்வளவு இடம் இருக்காது, அதில் சொட்டவிடுவதுதான் பெரிய ஆயுதம்.

ஜெர்மனிக்குப் போகிற சரக்கென்றால் பாசிவேஷன், அதாவது ஜிங்க் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு, மூன்று வேலன்சி குரோமியமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வண்டி உதிரிபாகத்தில் ஆறு வேலன்சி குரோமியப் பூச்சு கூடாது என்று ஐரோப்பாவில் 2007-லேயே வந்துவிட்டது. உள்ளூர் சரக்குக்கு மட்டும் இன்னும் பழைய மஞ்சள் பாசிவேஷன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்தத் தொட்டிக்கு மேலே நின்று மூச்சு விடுகிறவர் உங்கள் ஆள்.

கிண்டி_சிறுதொழில் எழுதியது:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பேசாமல் போகிறீர்கள். இந்தப் படிவத்தை அனுப்புகிற பெரிய கம்பெனி தன் ஆண்டறிக்கையில் பச்சை நிறம் அடிக்க நம்மிடம் கணக்குக் கேட்கிறது, செலவை மட்டும் நம் தலையில் கட்டுகிறது. பில்லுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எத்தனை பேருக்கு வருகிறது? விலையில் ஒரு பைசா கூட்டிக் கேட்டால் அடுத்த சப்ளையரைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். மூன்று தொட்டி வைக்க என் ஷெட்டில் இடமே இல்லை. கழிவைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் பணத்தில் குறைப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

முலாம்_பட்டறை எழுதியது:

@கிண்டி_சிறுதொழில் நீங்கள் சொல்வது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. இடமில்லாதவர்கள் இருக்கிற தொட்டியையே நடுவில் தடுப்பு வைத்து இரண்டாக்குகிறார்கள், அதுவும் வேலை செய்யும். இன்னொன்று, மத்திய அரசின் ஜெட் (குறையில்லாத, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கான) சான்றிதழ் திட்டத்தில் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும் சிறுதொழிலுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் சான்றிதழ் வாங்குவதால் வாடிக்கையாளர் விலை கூட்டித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரசாயனமும் தண்ணீரும் மிச்சமாகிற காசுதான் நமக்கு.

ஏற்றுமதி_கணக்கு எழுதியது:

அம்பத்தூர்_லேத் சார், இரண்டு படிவமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஜெர்மனிப் படிவத்தின் பின்னால் இருப்பது வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி, சிபிஏஎம் என்பது. 2023 அக்டோபரில் கணக்கு மட்டும் கேட்கத் தொடங்கினார்கள், 2026 ஜனவரியிலிருந்து வரிப் பொறுப்பே தொடங்கிவிட்டது. எஃகு போல்ட், நட், ஸ்க்ரூ எல்லாம் அதில் வருகிறது. உங்களிடம் வாங்குகிறவர் இப்படிப்பட்ட சரக்கை எல்லா சப்ளையரிடமிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழ் இறக்குமதி செய்தால் அவருக்கு விலக்கு உண்டு, முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆலோசகர் சொல்லாத ஒன்று: எஃகுக்கு அந்தக் கணக்கில் நேரடி உமிழ்வுதான், அதாவது தயாரிக்கும் இடத்திலேயே வெளியாகும் கார்பன்தான், சேரும், நீங்கள் வாங்கும் கரண்ட் சேராது. அதனால் கூரையில் சோலார் போட்டாலும் அந்த எண் அசையாது. அந்த எண்ணில் பெரும்பங்கு நீங்கள் வாங்கும் கம்பி எந்த உருக்காலையில், எந்த முறையில் உருகியது என்பதில் இருக்கிறது. இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் போட்டு ஊது உலையில் எடுத்த எஃகுக்கும், பழைய இரும்பை மின் உலையில் உருக்கி எடுத்ததற்கும் பெரிய வித்தியாசம். ஸ்டீல் டீலரிடம் மில் சர்டிபிகேட்டோடு அந்த உமிழ்வு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். டீலர் தெரியாது என்பார், விடாதீர்கள், மில்லுக்குத் தெரியும்.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரகடம் வாடிக்கையாளர் கேட்கும் கணக்கில் கரண்ட் வரும். எந்தக் கேள்விக்கு எது பதில் என்று பிரித்துப் பாருங்கள்.

ஒரகடம்_லாஜிஸ்டிக்ஸ் எழுதியது:

பேக்கிங் பற்றி யாரும் தொடவில்லையே. ஒரகடத்துக்குப் போகிற சரக்கை இன்னும் அட்டைப்பெட்டியில் அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் மக்கும் கவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பெட்டியையே ஒழித்துவிடலாம். அம்பத்தூருக்கும் ஒரகடத்துக்கும் தினமும் வண்டி போய்வருகிறது, வரும்போது காலியாக வருகிறது. நீல நிற பிளாஸ்டிக் கிரேட் போட்டுச் சுற்றில் விடுங்கள். நல்ல பிபி கிரேட் பல வருஷம் உழைக்கும், உடைந்தால் அதே பிளாஸ்டிக்காக உருக்கலாம். உள்ளே பீஸ் ஒன்றோடொன்று இடிக்காமல் அறை அறையாகத் தடுப்பு. பாலித்தீன் கவர், பபிள் ராப், டேப் மூன்றும் போய்விடும். ஒரு டேப்கூட வெட்டாமல் லைன் ஆள் நேராக எடுத்து மாட்டலாம் என்பதால் வாங்குகிறவருக்கும் பிடிக்கும்.

கிரேட் சுற்று தோற்றுப்போகிற இடம் ஒன்றே ஒன்று, கணக்கு. யாருடைய கிரேட், எத்தனை போனது, எத்தனை வந்தது என்று எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் பாதி கிரேட் யாரோ ஒருவர் ஷெட்டில் ஸ்பேனர் போட்டுவைக்கும் டப்பாவாகிவிடும். டெலிவரி சலானில் சரக்கின் எண்ணிக்கைக்குக் கீழேயே கிரேட் எண்ணிக்கையும் எழுதுங்கள். திரும்பி வரும் காலி கிரேட்டுக்கும் கையெழுத்து. கிரேட்டில் உங்கள் பெயரைச் சூட்டால் பதித்துவிடுங்கள், ஸ்டிக்கர் நிற்காது. ஒருமுறை அனுப்பத் தேவையானதைப்போல நான்கு பங்கு வாங்கிவைக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று உங்களிடம், ஒன்று வண்டியில், ஒன்று அவர்கள் லைனில், ஒன்று திரும்பும் வழியில் இருக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள்தான் கிரேட் போதவில்லை என்று பாதியில் அட்டைப்பெட்டிக்குத் திரும்புகிறார்கள்.

மடக்குகிற கிரேட் என்றால் திரும்பும்போது இடம் குறைவு, ஆனால் கீல் உடையும். கனமான போல்ட்டுக்கு மடக்காததே நல்லது.

ஜெர்மனிக்கு இது ஒத்துவராது. காலி கிரேட்டைக் கப்பலில் திரும்பக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை.

அட்டைப்பெட்டி_ஆலந்தூர் எழுதியது:

ஜெர்மனி சரக்குக்கு நான் சொல்கிறேன், பெட்டி செய்கிறவன்.

உங்கள் பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது? பெட்டியைத் திறந்து, மேலே திணித்திருக்கும் பேப்பர், பபிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பலர் இருப்பில் இருக்கிற ஒரே அளவுப் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீதி இடத்தை அடைக்க பபிள் வாங்குகிறார்கள். இரண்டு மூன்று அளவு வைத்துக்கொண்டால் அடைக்கும் பொருளே தேவைப்படாது. ஐரோப்பாவின் புதிய பேக்கேஜிங் சட்டம் 2026 ஆகஸ்ட் முதல் நடைமுறை, அதன்படி 2030-லிருந்து சரக்குப் பெட்டியில் காலி இடம் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. அடைத்துவைத்த பேப்பரும் பபிளும் காலி இடம் என்றே கணக்காகும்.

அப்புறம் எல்லோரும் பயந்துகொண்டு ஏழு பிளை (அடுக்கு) அட்டை கேட்பார்கள். ஏன் தெரியுமா? மழைக்காலத்தில் பெட்டி நசுங்குகிறது. சென்னைக் காற்றில் அக்டோபர், நவம்பரில் அட்டை ஈரம் குடிக்கும், ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அடுக்கைத் தாங்கும் பலம் பாதியாகக் குறையலாம். அதற்கு மருந்து இரண்டு பிளை கூடுதல் அல்ல. வெறும் தரையில் பெட்டியை அடுக்குவதை நிறுத்துங்கள், மரப்பலகை மேல் வையுங்கள், ஷட்டர் பக்கம் வைக்காதீர்கள், பெட்டியை மூலையோடு மூலை சேர்த்து நேர்க்கோட்டில் அடுக்குங்கள். பெட்டியின் பலம் நான்கு மூலையில்தான் இருக்கிறது, செங்கல் சுவர் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் அது போய்விடும். நல்ல காகிதத்தில் ஐந்து பிளையே தாங்கும். பேப்பரின் பிஎப் (வெடிப்புப் பலம்) மட்டும் கேட்காமல் விளிம்பு நசுங்கு பலம், அதாவது ஈசிடி, கேளுங்கள். அடுக்கில் பெட்டி நிற்குமா என்று சொல்வது அதுதான்.

துருவுக்கு எண்ணெய் பூசிப் பாலித்தீனில் சுற்றுகிறீர்கள் என்றால், துருவைத் தடுக்கும் ஆவியை விடுகிற விசிஐ காகிதம் பாருங்கள், பல சரக்குக்கு எண்ணெயே வேண்டியிருக்காது, அங்கே வாங்குகிறவரும் கழுவ வேண்டியதில்லை. நீண்ட கடல் பயணத்துக்கு விசிஐ பிலிமே வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கெமிக்கல் புகைபோட்ட மரப்பலகைக்குப் பதில் சூடேற்றியது வாங்குங்கள், மரத்தின் நடுவில் 56 டிகிரி, 30 நிமிடம், எச்டி முத்திரை இருக்கும்.

முறுக்கு_திருமுடிவாக்கம் எழுதியது:

இரும்பு செய்கிறவர்களுக்குக் கிரேட் இருக்கிறது, எங்களை என்ன சொல்கிறீர்கள்? நாங்கள் முறுக்கு, தட்டை, பொடி வகை போடுகிறோம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக்குக்கு மாநிலத் தடை வந்ததிலிருந்து கடைக்காரர்களிடம் இதே பேச்சு. காகிதக் கவரில் போடுங்கள் அக்கா என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வெறும் காகிதத்தில் வைத்த முறுக்கு இந்த ஊர்க் காற்றில் நமுத்துப்போகும், எண்ணெய் சிக்கு வாடை வரும். நமுத்துத் திரும்பி வந்த முறுக்கும் கழிவுதானே? அதற்கு எரித்த கேஸ், எண்ணெய், மாவு எல்லாம் வீண். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கவர் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அதைக் காகிதக்காரரும் எடுக்க மாட்டார், பிளாஸ்டிக்காரரும் எடுக்க மாட்டார். மக்களுக்கு நல்லது செய்கிறோம் என்று காட்டிக்கொள்ள அதை விற்க எனக்கு மனசு வரவில்லை.

புளியந்தோப்பு_பழையபொருள் எழுதியது:

இந்த இழையில் சரக்கு செய்கிறவர்கள் எல்லோரும் பேசுகிறீர்கள், அதைக் கடைசியில் வாங்குகிற எங்களை யாரும் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

காயலான்கடைக்கு எது வருகிறது, எது வராது என்று பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. பால் கவர் வரும். வீட்டில் கழுவிக் காயவைத்து எடையில் போட்டுக் காசு வாங்கிப் போகிறார்கள், ஏனென்றால் அது ஒரே பாலித்தீன், உருக்கினால் மறுபடி பொருள் செய்யும் பிளாஸ்டிக் மணியாகும். கலரில்லாத தண்ணீர் பாட்டில் வரும், நல்ல விலை. பச்சை பாட்டிலுக்கு விலை கம்மி. எண்ணெய் கேன் வரும். சிப்ஸ் கவர் வராது. ஷாம்பூ சாஷே வராது. சாஷே ஷாம்பூ என்ற யோசனையே நம்ம கடலூரில் சின்னிகிருஷ்ணன் கொண்டுவந்தது, ஏழை வீட்டுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது உண்மை, ஆனால் காலியான சாஷேயை எடுக்க ஆள் கிடையாது. பாலியஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என்று மூன்றும் ஒட்டிக் கிடப்பதை நாங்கள் எப்படிப் பிரிப்பது? அது கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும், இல்லையென்றால் லாரி ஏறி அரியலூர் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும்.

பாட்டில் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். முழு பாட்டிலையும் மூடுகிற சுருங்கு லேபிள் போடாதீர்கள். அது பிவிசியாக இருந்தால் கொஞ்சம் கலந்தாலும் பெட் (பாட்டில் பிளாஸ்டிக்) லாட் முழுவதும் மஞ்சளடித்துப் போகும். ஒவ்வொரு பாட்டிலாகப் பிளேடால் கிழிக்க ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், நாள் முழுக்க அதே வேலை, விரலெல்லாம் வெட்டு. கழுவினால் விடாத பசையும் வேண்டாம். கறுப்பு டப்பா வேண்டாம், உருக்கினால் மறுபடி கறுப்புதான் ஆகும். இதையெல்லாம் டிசைன் போடுகிறவர் ஒருநாள் எங்கள் கடையில் வந்து நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மக்கும் கவர் என்று சொன்னீர்களே, அது எங்களுக்குத் தொல்லை. பார்க்க சாதாரண கவர் மாதிரியே இருக்கும், கலந்துவிட்டால் மணியின் தரம் கெட்டுவிடும்.

முறுக்கு_திருமுடிவாக்கம் எழுதியது:

@புளியந்தோப்பு_பழையபொருள் அண்ணா, நன்றி. எங்கள் கவர் சப்ளையர், முழுக்க பிபியில், பிஓபிபி மேலேயும் மெட்டலைஸ்டு சிபிபி உள்ளேயுமாக (இரண்டும் பிபி பிலிம் வகை) ஒரு லேமினேட் இருக்கிறது என்றார். அலுமினியம் படலமாக இல்லாமல் ஆவிப்பூச்சு மட்டும்தான் என்றார். அது கிடைத்தால் நீங்கள் எடுப்பீர்களா?

புளியந்தோப்பு_பழையபொருள் எழுதியது:

பிபி மட்டும் என்றால் உருகும், விலை கம்மியாக வரும், ஆனால் எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கில்லாமலும் மூட்டையாகவும் வந்தால் எடுப்பேன். ரோட்டில் பொறுக்கிய ஒற்றைக் கவரை எடுக்க முடியாது தாயீ, எடை நிற்காது. உங்கள் பேக்டரியில் மிஷின் செட்டிங் போடும்போது வீணாகிற பிலிமை முதலில் தனியாகக் கட்டிக் கொடுங்கள், அது சுத்தமான சரக்கு. கடைகளிலிருந்து திரும்பி வருகிறதையும் அப்படியே.

விதிமுறை_வாசகர் எழுதியது:

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாக. 2022 பிப்ரவரியில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் பேக்கேஜிங் நான்கு வகை: கெட்டியானது, நெகிழ்வானது, பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் ஒட்டிய பல அடுக்கு, மக்கும் வகை. 2025-26-க்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலக்க வேண்டிய அளவு கெட்டியானதில் 30, நெகிழ்வானதில் 10, பல அடுக்கில் 5 சதவீதம் என்று அதில் போட்டார்கள், 2028-29-க்குள் 60, 20, 10. எந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்பதை அளவைப் பொறுத்து மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

மக்கும் கவர் என்று யார் விற்றாலும் ஐஎஸ் 17088 சோதனை அறிக்கையும் மத்திய வாரியச் சான்றிதழும் கேளுங்கள். சோதனை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிபெட்டிலேயே நடக்கிறது. அந்தத் தரமும் சூடான, ஈரம் கட்டுப்படுத்திய உரக் கூடத்தில் மக்குவதைத்தான் சொல்கிறது, கூவம் கரையில் மக்குவதை அல்ல. அம்பத்தூர்_லேத் சார், போல்ட்டுக்கு அதில் ஒரு பைசாவும் போடாதீர்கள்.

மணலி_நீர் எழுதியது:

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சென்னைக்குப் புதிதல்ல, மணலியில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே நடக்கிறது. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் தலா 4.5 கோடி லிட்டர் அளவில் ஆர்ஓ வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. ஒன்று மணலி எண்ணூர் ஆலைகளுக்கு, இன்னொன்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்துக்கு. சிறுதொழில் பேட்டைகளுக்கும் இந்தக் குழாய் வர வேண்டும் என்று சங்கங்கள் சேர்ந்து அழுத்திக் கேட்க வேண்டும். லாரிக்காரரின் போர்வெல் தண்ணீரில் முலாம் பூசிக்கொண்டிருப்பது எத்தனை காலம் ஓடும்?

அம்பத்தூர்_லேத் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகப் படித்தேன். கம்ப்ரசர் சோதனையை ஞாயிறு செய்து பார்த்தோம், காலி ஷெட்டில் நான்கில் ஒரு பங்கு நேரம் லோடில் ஓடுகிறது. கசிவைத் தேடி நூல் கட்டிக் குறித்திருக்கிறோம், பெரும்பாலும் கப்ளர்தான். பிளேட்டிங்கில் தொட்டிக்கு மேல் கொக்கிக் கம்பி அடிக்கச் சொல்லிவிட்டேன், பீஸ் ரேட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆள் நிற்க மாட்டார். மக்கும் கவர் ஆலோசகரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. கிரேட்டுக்கு ஒரகடம் ஸ்டோர்ஸில் பேசினேன், சம்மதம், ஆனால் திரும்பி வரும் கிரேட்டில் எண்ணெயும் சீவலும் ஒட்டியிருக்குமாம், கழுவிக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். கிரேட் கழுவ ஆரம்பித்தால் மிச்சப்படுத்துகிற தண்ணீர் அங்கே போய்விடாதா?

ஒரகடம்_லாஜிஸ்டிக்ஸ் எழுதியது:

கழுவாதீர்கள். சரக்கை எண்ணெய் வடியவிட்டுத்தான் கிரேட்டில் போட வேண்டும், அது உங்கள் பக்கத்து வேலை. அடியில் ஒரு அட்டைத் தாள் போட்டால் மீதியைக் குடித்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள், எண்ணெய்த் தாளைத் தனிச் சாக்கில் கட்டி அபாயகரக் கழிவோடு அனுப்புங்கள். கிரேட்டைத் துணியால் துடைத்தால் போதும். முலாம் போட்ட சரக்குக்கு வேறு நிறக் கிரேட், எண்ணெய்ச் சரக்குக்கு நீலம் என்று பிரித்துவிடுங்கள், அதைக் கலக்கவிடாமல் பார்ப்பதுதான் ஸ்டோர்ஸ் ஆளிடம் நீங்கள் வாங்க வேண்டிய சம்மதம். எத்தனை கிரேட் தேவை என்று கணக்குப் போட உங்கள் வாராந்திர டெஸ்பாட்ச் எண்ணிக்கையை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.